தத்துவப் பட்டப்படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளங்கலையில் தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுக்கும் மாணவர்களின் பெரிய தவறு, யார் என்ன சொன்னார் என்பதை மனப்பாடம் செய்துகொண்டு, ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விட்டுவிடுவதாகும். பருவத் தேர்வுக்கு முன்பு ஒருநாள், பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில், தெரிந்த பையன் ஒருவன், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட் பற்றி எழுதிய கட்டுரையைக் காட்டினான். ‘டெக்கார்ட் எல்லாவற்றையும் சந்தேகித்தார்’ என்று முதல் வரியில் அடிக்கோடிட்டிருந்தான். “எதுக்காகச் சந்தேகிச்சாரு?” என்று கேட்டேன். கைடைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அது இதுல இல்லயே அண்ணாச்சி” என்றான். 1641இல் வெளிவந்த டெக்கார்ட்டின் ‘தியானங்கள்’ ஆறே பகுதிகள் கொண்ட சிறு நூல். அசையாத அடித்தளம் ஒன்று அறிவுக்குக் கிடைக்குமா என்று தேடவே அவர் ஐயத்தைக் கருவியாகக் கையில் எடுத்தார் என்பது முதல் தியானத்திலேயே இருக்கிறது. அதை ஒரு மாலையில் படித்துவிடலாம்.

படித்த கையோடு மறுக்கப் புறப்படுவது அடுத்த தவறு. எதிர்த்தரப்பை முழுமையாக எடுத்துரைத்த பிறகே மறுப்பது நம் மரபு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பகுதியாகிய பரபக்கம், கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதம் தொடங்கிப் பிற கொள்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறது. பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்ட சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதிய சிவஞான முனிவர் நம் விக்கிரமசிங்கபுரத்துக்காரர். அவரைப் பக்திப் பெரியவர் என்று மட்டும் எண்ணி, வாதமெல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்தது என்று நம்பும் மாணவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

குடிமைப் பணித் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக இருக்கிறது, இரண்டு தாள்களுக்கு 500 மதிப்பெண்கள் என்பதற்காக மட்டும் இந்தப் பட்டத்தில் சேர வேண்டாம். வேறு பட்டம் பெற்றவரும் அப்பாடத்தை எடுக்கலாம்.

வாதங்கள் சரியா என்று சோதிக்கும் பாடமான அளவையியலைக் கணக்குப் பாடம் போல ஒதுக்கி, அரியர் வைத்துக்கொள்வதும் கூடாது. ‘மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையில் போல’ என்பது இந்தியத் தருக்க மரபுகளுள் ஒன்றான நியாயத்தின் நூலார் தரும் பழைய எடுத்துக்காட்டு. விடியற்காலையில் பாபநாசத்தில் நின்று பொதிகையைப் பார்ப்பவருக்கு மஞ்சு புகையாகத் தோன்றக்கூடும். அப்போதும் ‘புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு’ என்னும் பொதுவிதிக்குப் பழுதில்லை, மலையில் புகை இருக்கிறது என்னும் ஏது, அதாவது காட்டிய காரணம்தான் பொய். வாதம் எந்த இடத்தில் உடைகிறது என்று இவ்வாறு காட்டாமல், ‘இக்கருத்து ஏற்கத்தக்கதன்று’ என்று முடிக்கும் விடைத்தாளில் தத்துவம் இல்லை.

அந்தப் பையனை, இப்போது காண்பதும் கனவாக இருக்கலாமே என்னும் டெக்கார்ட்டின் கனவு வாதத்தை வரிக்கு ஒரு கூற்றாக எண்ணிட்டு எழுதச் சொன்னேன். மூன்று வரி எழுதியதும் நிறுத்தி, “விழிப்பையும் கனவையும் பிரிச்சுக் காட்ட உறுதியான அடையாளம் இல்லைங்காரே, இந்த ரெண்டாவது வரி சரிதானா அண்ணாச்சி?” என்று கேட்டான். அவன் ஊருக்குப் போகும் பேருந்து இரண்டு முறை வந்து போன பிறகும் நாங்கள் அந்த வரியிலேயே இருந்தோம்.