பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக் கம்பளிக் குல்லா பின்னுவது எப்படி?

பழைய துணிக் கடையில் ஸ்வெட்டரை எடுத்ததும் நிறத்தில் மயங்காதீர்கள். உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். இரண்டு ஓரங்களையும் சங்கிலித் தையலால் கோத்திருந்தால் நூல் முழு நீளத்தில் கிடைக்கும். ஓவர்லாக் (ஓரத்தை வெட்டி, நூலால் சுற்றித் தைக்கும் இயந்திரத் தையல்) அடித்திருந்தால் துணியை வெட்டித் தைத்திருக்கிறார்கள். வரிசைக்கு ஒரு துண்டாகத்தான் நூல் வரும். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கண்ணிகள் (பின்னல் வளையங்கள்) ஒட்டித் தடித்துப்போன கம்பளியும் பிரியாது. பருத்தி பிரியும், ஆனால் அதில் பின்னிய ரிப் (நீண்டு சுருங்கும் விளிம்புப் பட்டி) நெகிழ்ந்தால் மீளாது. குல்லா கண்ணை மறைக்கும்.

முதலில் கழுத்துப் பட்டி, பிறகு கை, தோள், பக்கம் எனத் தையல்களைப் பிரியுங்கள். சங்கிலித் தையல் சரியான முனையிலிருந்து இழுத்தால் சரசரவென்று அவிழும். அவிழாவிட்டால் எதிர் முனையைப் பிடியுங்கள். துண்டுகளையும் பின்னி முடித்த பக்கத்திலிருந்து, பெரும்பாலும் மேலிருந்து, உருவ வேண்டும். கீழிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூல் சிக்கும்.

உருவும் நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள். நேரே உருண்டையாக்கினால் சுருள் போகாது. பின்னல் மேடுபள்ளமாகும், அளவும் ஏமாற்றும். வெதுவெதுப்பான நீரில் சில துளி மென்சோப்புத் திரவம் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கசக்கினாலோ சூட்டிலிருந்து சட்டென்று குளிர்நீருக்கு மாற்றினாலோ கம்பளி இறுகிவிடும். துண்டில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். கனம் கட்டி இழுத்தால் நூலின் துள்ளல் போய்விடும்.

இயந்திரப் பின்னலில் வரும் நூல் பெரும்பாலும் மெல்லியது, முறுக்கும் குறைவு. 2 அல்லது 3 இழைகளைச் சேர்த்துப் பின்னுங்கள். இழை பிளந்துகொண்டே இருந்தால் முனை மழுங்கிய பின்னல் ஊசி உதவும். 5 மி.மீ. ஊசியில் மாதிரித் துண்டு பின்னி, கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள் வர வேண்டும். கூடினால் பெரிய ஊசி, குறைந்தால் சிறிய ஊசி.

56 செ.மீ. தலைக்குக் குல்லாச் சுற்றளவு 49 செ.மீ. போதும், நீட்சிதான் அதைத் தலையில் நிறுத்துகிறது. 100 கிராம் நூல் எடுத்துவையுங்கள். 40 செ.மீ. நீள வட்ட ஊசியில், 4.5 மி.மீ. தடிமனில், 88 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றி, முறுகாமல் வட்டமாகச் சேருங்கள். முறுகியது சில சுற்றுகள் கழித்துத் தெரிந்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. 2 நிட் (நேர்ப்பக்கக் கண்ணி), 2 பர்ல் (மறுபக்கக் கண்ணி) என 5 செ.மீ. ரிப். பிறகு 5 மி.மீ. ஊசியில், அடியிலிருந்து 15 செ.மீ. உயரம் வரை வெறும் நிட்.

இனி உச்சி. 9 நிட், அடுத்த 2 கண்ணிகளைச் சேர்த்து ஒரு நிட். இதையே 8 முறை. அடுத்த சுற்று வெறும் நிட். அதன் பின் 8 நிட், ஒரு சேர்ப்பு என்று குறைத்துக்கொண்டே போங்கள். 48 கண்ணிகள் ஆனதும் இடைச் சுற்றை விட்டுவிட்டு ஒவ்வொரு சுற்றிலும் குறையுங்கள். இல்லாவிட்டால் உச்சி கூம்பிவிடும். கண்ணிகள் வட்ட ஊசியில் எட்டாதபோது இருமுனை ஊசிகளுக்கு மாற்றுங்கள். மிஞ்சும் 8 கண்ணிகளில் நூலைக் கோத்து இறுக்கி, உள்ளே செருகுங்கள்.

நூல் அறுந்த இடத்தில், கம்பளியாக இருந்தால் இரு முனைகளையும் பிரித்து ஈரமாக்கி உள்ளங்கையில் வேகமாகத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். ஆக்ரிலிக்கும், இயந்திரச் சலவைக்காகப் பதப்படுத்திய கம்பளியும் ஒட்டாது. அவற்றுக்கு இரு பக்கமும் 10 செ.மீ. வால் விட்டுப் பின்னி, கடைசியில் உள்பக்கம் செருகுங்கள். ரிப்பில் மட்டும் முடிச்சு போடாதீர்கள், நெற்றியில் உறுத்தும்.