பெற்றோருக்குக் கிரீன் கார்டு: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு முதலிலிருந்து

கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) கையில் வந்த மறுநாளே அப்பா அம்மாவுக்கு மனு போட்டுவிடலாம் என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். முடியாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கணவன் அல்லது மனைவிக்கும் திருமணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டுமே மனு போடலாம். பெற்றோருக்கு மனு போட அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். வயதும் 21 ஆகியிருக்க வேண்டும். குடியுரிமைக்குப் பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த 5 ஆண்டையும் வீணாக்காமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: முதலில் அவர்களிடம் கேளுங்கள்

"மக்களே, எங்களை எப்பம் கூட்டிட்டுப் போவ?" என்று கேட்கும் அம்மா அங்கேயே குடியிருக்க ஆசைப்படுகிறாரா, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறாரா? கிரீன் கார்டு என்பது அமெரிக்காவையே வீடாகக் கொள்பவருக்கானது. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்த் தலையைக் காட்டினால் போதும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். உண்மையான வீடு எது என்பதைத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள். ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் வெளியே இருக்கப் போவதானால், புறப்படும் முன்பே மறுநுழைவு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்க வேண்டும். தோப்பையும் கோயில் கொடையையும் சர்ச் திருவிழாவையும் விட்டு வர மனமில்லாத பெற்றோருக்குச் சுற்றுலா விசாவே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதில் ஒரு முறைக்குப் பொதுவாக 6 மாதம் வரை தங்க அனுமதிப்பார்கள்.

படி 2: காகிதங்களை இப்போதே தேடுங்கள்

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். மனுவின் அடிப்படை, மனு போடும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். அதில் அம்மா, அப்பா இருவர் பெயரும் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மனு போடும்போது பெற்றோரின் திருமணச் சான்றும் கேட்பார்கள். நம் வீடுகளில் பிறப்புச் சான்றில் 'தங்கம்மை' என்றும், பாஸ்போர்ட்டில் 'தங்கம்மாள்' என்றும் இருப்பது சாதாரணம். இனிஷியல் ஒன்றில் ஊர்ப்பெயராக இருக்கும், மற்றொன்றில் தகப்பனார் பெயராக விரிந்திருக்கும். திருத்த முடிந்ததைப் பிறப்பு பதிவான அலுவலகத்திலேயே திருத்துங்கள். முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுங்கள்.

பெற்றோருக்கே பிறப்புச் சான்று இல்லை என்றால் பயப்பட வேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்குப் பதிவே இருக்காது. பதிவு இல்லை என்ற சான்றை உள்ளூர்ப் பதிவாளரிடம் வாங்கி, பள்ளிச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவின் நகல், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினரின் உறுதிமொழி ஆகியவற்றைச் சேர்க்கலாம். அந்த மூத்தவர் இன்று நன்றாக இருக்கிறார் என்றால் இன்றே எழுதி வாங்குங்கள். 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூர் பகுதியில் இருந்ததால், சில வீட்டுப் பழைய பதிவுகள் மலையாளத்தில் இருக்கும். தமிழானாலும் மலையாளமானாலும், மொழிபெயர்த்தவர் கையொப்பமிட்டு உறுதிசெய்த ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே வேண்டும்.

அப்பா வளைகுடாவில் இருந்தவரா? 16 வயதுக்குப் பின் எந்த நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்திருந்தாலும், அந்த நாட்டின் போலீஸ் சான்றிதழ் விசா கட்டத்தில் கேட்கப்படும். படகு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய் இருபது வருடத்துக்கு முன் திரும்பியவருக்கும் இது பொருந்தும். அந்த நாட்டில் அதை எப்படி வாங்குவது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளம் நாட்டுவாரியாகச் சொல்கிறது. விசா முத்திரையுள்ள பழைய பாஸ்போர்ட்டுகளைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.

படி 3: குடியுரிமை விண்ணப்பம், என்-400

5 ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடிமகனை அல்லது குடிமகளை மணந்து சேர்ந்து வாழ்பவருக்கு 3 ஆண்டு போதும். 5 ஆண்டில் குறைந்தது 30 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால், தொடர் வசிப்பு அறுந்ததாகக் கருதும் சிக்கல் வரும். நேர்காணலில் ஆங்கிலமும் அமெரிக்க வரலாறு, அரசு முறை பற்றிய கேள்விகளும் உண்டு. ஊரில் எப்போதோ ஒரு போராட்டத்தில் கைதாகியிருந்தால், வழக்கு தள்ளுபடியானாலும் மறைக்காதீர்கள். இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் குடியேற்ற வழக்கறிஞரிடம் காசு செலவழியுங்கள். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்கிற ஏஜெண்ட் வேண்டாம்.

படி 4: அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தபின் இந்தியப் பக்கம்

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக ஏற்றதும் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) விண்ணப்பியுங்கள். அதை வைத்து விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோகலாம், வாக்களிக்க முடியாது.

நிலத்தைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ஓசிஐ வைத்திருப்பவர் வீடு, மனை வாங்கலாம். ரப்பர்த் தோட்டம், வயல், தென்னந்தோப்பு வாங்க முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் குடியிருப்பவருக்கும் இதே தடை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே அப்பா தோட்டத்தை மகன் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

படி 5: பெற்றோருக்கான மனு, ஐ-130

அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என இரண்டு மனு. திருமணமாகாத தம்பியை அதோடு சேர்க்க முடியாது. அவனுக்குத் தனி மனு போட வேண்டும். இந்தியர்களுக்கு அந்த வரிசை 15 ஆண்டுக்கும் மேல் நீள்கிறது. பெற்றோருக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பு இல்லாததால் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. மனு ஏற்கப்பட்டதும் கட்டணம், டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், பெற்றோரின் செலவைத் தாங்குவேன் என்று பிள்ளை தரும் ஐ-864 பொறுப்புறுதி ஆகியவை வேண்டும். அந்த உறுதிக்கு, வருமானம் அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். வீட்டில் இருப்போரோடு வரப்போகும் பெற்றோரையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இந்தியப் போலீஸ் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணல் சென்னையில் அல்ல, பொதுவாக மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். மருத்துவப் பரிசோதனையை அதற்கு முன்பே, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் முடிக்க வேண்டும். வயதானவர்களுக்கு நாகர்கோவிலிலிருந்து மும்பை ரயில் நீண்ட பயணம். பரிசோதனைக்கும் நேர்காணலுக்கும் இடையே ஓய்வுக்கு நாள் விட்டுத் தேதி எடுங்கள், மூலச் சான்றிதழ்களைக் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.