முக்கால்வாசியில் நின்ற சாவி

ஐந்து பின் (சாவியின் பற்கள் தூக்கும் சிறு உலோகத் துண்டு) உள்ள பித்தளைப் பூட்டு. கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் மாற்றி மாட்டியபின் சாவி முக்கால்வாசி போய் நின்றது. கிராஃபைட் தூளுக்கு அசையவில்லை. இன்னொரு சாவியும் அதே இடத்தில் நின்றது.

இந்த வகையில் கொண்டி (பூட்டின் வளைந்த கம்பி) திறந்திருந்தால்தான் அதன் துளைக்கு அடியில் உள்ள திருகு எட்டும். சாவி நுழையும் உள்ளுருளையை அதே விட்டமுள்ள மரக்குச்சியால் தள்ளி எடுக்க வேண்டும். குச்சி மெல்லியதானால், உறையில் ஸ்பிரிங்கோடு இருக்கும் மேல் பின்கள் கொட்டிவிடும். வெளியே எடுத்த உருளையில் சாவி முழுதாகப் போனது, அதிலுள்ள கீழ்ப் பின்கள் ஐந்தும் உருளையின் மேற்பரப்புக்குச் சமமாக நின்றன. ஆகவே கோளாறு மேல் பின்கள் இருக்கும் குழிகளில்தான்.

உறையைத் தலைகீழாகப் பிடித்து, குச்சியை மெல்ல இழுத்து, வெளிப்படும் பின்களை ஒவ்வொன்றாகப் பல்குச்சியால் அழுத்தினேன். மூன்றாவது மட்டும் பாதியில் கெட்டியாக நின்றது. அதன் அடியில் இரண்டு ஸ்பிரிங், ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டு! பார்வைக்கு ஒன்றேதான், சுருள்கள் நெருக்கமாக இருப்பதே அடையாளம். இரட்டைச் சுருள் சீக்கிரம் முட்டிவிடுவதால் பின் மேலேற இடமில்லை, சாவியின் உயரமான பல் அங்கே இடிக்கிறது.

ஒன்றை உருவியதும் சாவி இறங்கித் திரும்பியது. உதிரிப் பொட்டலத்து ஸ்பிரிங்குகள் இப்படிப் பின்னி வருவதுண்டு. வெள்ளைத் தாளில் உருட்டிப் பார்த்துப் போடுங்கள்.