அமைச்சர் நழுவ முடியாத கேள்வி: எம்.பி.க்காக ஒரு நாடாளுமன்றக் கேள்வியைத் தயாரிப்பது எப்படி?

கல்வி உதவித்தொகை வந்து சேரவில்லை என்று அமைச்சகத்துக்கு மனு அனுப்பினால் பதில் வரலாம், வராமலும் போகலாம். அதையே ஒரு எம்.பி. நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கொடுத்து, அது ஏற்கப்பட்டுவிட்டால் நிலைமை வேறு. குறிப்பிட்ட தேதியில் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவை ஆவணமாகிவிடும். பிறகு பத்திரிகைக்காரர், வழக்கறிஞர், மாணவர் சங்கம் என யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்காட்டிப் பேசலாம்.

எம்.பி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், தங்கள் பிரச்சினையை எம்.பி. மூலம் கேட்க வைக்க விரும்பும் சங்கங்களுக்கும், மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கேள்வி நேரம், அதாவது எம்.பி.க்களின் கேள்விகளுக்கு அமைச்சர்கள் அவையில் பதில் சொல்லும் ஒரு மணி நேரம், என்றாலே டிவியில் வரும் கூச்சல்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உண்மையான வேலை அதற்குப் பல நாள் முன்பே, ஒரு தாளில் நான்கைந்து வரிகளை எழுதும்போது நடந்துவிடுகிறது.

முதலில்: இது யாரிடம் கேட்க வேண்டிய கேள்வி?

அரசுப் பேருந்து, ரேஷன் கடை, அரசு மருத்துவமனையில் மருத்துவர் இல்லாதது போன்றவை பெரும்பாலும் மாநில அரசின் பொறுப்பு. அவற்றை எம்.எல்.ஏ. மூலம் சட்டப்பேரவையில் கேட்பதே சரி. ரயில்வே, அஞ்சல், பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி ஆகியவை ஒன்றிய அரசுடையவை. மாநிலப் பொறுப்பில் உள்ள விஷயத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினால் கேள்வி தள்ளுபடி ஆகலாம். தப்பிப் பிழைத்தாலும், ‘இது மாநில அரசு தொடர்பானது’ என்ற ஒரே வரியில் அமைச்சர் முடித்துவிடுவார்.

நடுவில் ஒரு பெரிய பகுதி இருக்கிறது. ஒன்றிய அரசு பணம் கொடுக்கும், மாநிலம் நடத்தும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்பு உதவித்தொகை அப்படிப்பட்டது. செலவில் 60 சதவீதம் ஒன்றியம், 40 சதவீதம் மாநிலம் என்பது பெரும்பாலான மாநிலங்களுக்கான கணக்கு. இங்கே ஒன்றிய அமைச்சரிடம் ஒன்றியத்தின் பங்கை மட்டும் கேளுங்கள்: எவ்வளவு ஒதுக்கினீர்கள், எப்போது விடுவித்தீர்கள், எவ்வளவு நிலுவை? மாநிலத்தின் பங்கைச் சட்டப்பேரவையில் தனியாகக் கேட்கலாம். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தாமதம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எந்த வகைக் கேள்வி?

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலைத் தொடர்ந்து அங்கேயே துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் மட்டும் வரும், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். மாநிலங்களவையில் அது 15, 160. மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்கு.

பலரும் நட்சத்திரக் கேள்விக்கே ஆசைப்படுகிறார்கள். ஆனால் பட்டியலில் பின்னால் இருப்பவை ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழிப் பதிலுக்கு வருவதே கடினம், அவற்றுக்கும் எழுத்தில்தான் பதில் வரும். ஆகவே உங்களுக்குத் தேவை மாநிலவாரியான, ஆண்டுவாரியான எண்ணிக்கை என்றால் குறியிடாத கேள்வியே நல்லது. எண்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, அமைச்சர் காரணம் சொல்ல வேண்டும் என்றால் நட்சத்திரக் கேள்விக்கு முயலுங்கள்.

பழைய பதில்களைத் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சகம், உறுப்பினர், தேதி, தலைப்பு எனத் தேடி இரு அவைகளின் பதில்களையும் இலவசமாகப் படிக்கலாம். ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியையே சாராம்சத்தில் திரும்பக் கேட்கக் கூடாது என்பது விதி. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ள தகவலையும் கேட்கக் கூடாது. ஆண்டறிக்கையிலேயே இருக்கும் எண்ணுக்காக ஒரு கேள்வியைச் செலவழிப்பது வீண்.

பழைய பதிலில் இன்னொரு லாபமும் உண்டு. அமைச்சகம் எந்தத் தகவலை எந்த வடிவில் வைத்திருக்கிறது என்று அதிலிருந்து தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாநிலவாரியாக எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்றால், இப்போது ‘அப்படிப் பராமரிப்பதில்லை’ என்று சொல்ல முடியாது.

இப்போது எழுதலாம்

பெரும்பாலான முதல் வரைவுகள் இந்த மாதிரி இருக்கும்:

“ஏழை மாணவர்களின் உதவித்தொகையை அரசு வேண்டுமென்றே தாமதப்படுத்துவது வெட்கக்கேடானது என்பதை அமைச்சர் ஒப்புக்கொள்கிறாரா?”

கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் கேள்வி மக்களவைச் செயலகத்தையே தாண்டாது. நடைமுறை விதி 41 அனுமதிக்கும் எல்லைகளைப் படித்துப் பாருங்கள்: வாதம், ஊகம், பழிச்சொல் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. கற்பனையான நிலைமை பற்றிக் கேட்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் உள்ளதைத் தொடக் கூடாது. பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. இவ்வளவையும் மீறி அது அவைக்கு வந்துவிட்டாலும், ‘இல்லை’ என்ற ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும்.

அதையே இப்படி மாற்றி எழுதலாம்:

“சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:

(அ) பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டத்தில், கடந்த மூன்று ஆண்டுகளில் தகுதி பெற்றதாக ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, ஒன்றியப் பங்கு செலுத்தப்பட்டவை எத்தனை, மாநிலவாரியாகவும் ஆண்டுவாரியாகவும்;

(ஆ) அந்தந்தக் கல்வியாண்டு முடிந்த பிறகு பணம் செலுத்தப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கை;

(இ) இன்றைய தேதியில் செலுத்தப்படாமல் உள்ள தொகை, அதற்கான காரணங்கள்;

(ஈ) நிலுவையை எந்தத் தேதிக்குள் செலுத்த அரசு திட்டமிட்டுள்ளது?”

கடுமையான சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் முதல் வரைவைவிடப் பல மடங்கு கடுமையான கேள்வி இது. (ஆ) பிரிவைக் கவனியுங்கள். ‘தாமதமா?’ என்று கேட்டால் ‘தாமதம் இல்லை’ என்று சொல்லிவிடலாம். கல்வியாண்டு முடிந்த பிறகு எத்தனை பேருக்குப் போனது என்று கேட்டால் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். தாமதம் எது என்பதை நீங்களே வரையறுத்துவிட்டீர்கள். (ஈ) பிரிவில் தேதி கேட்டிருப்பதற்கும் காரணம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘நடவடிக்கை எடுக்கப்பட்டதா?’, ‘முயற்சிகள் என்னென்ன?’ என்று முடியும் கேள்விகளை முடிந்தவரை தவிருங்கள். அவற்றுக்குத் திட்ட அறிமுகக் கையேட்டை அப்படியே பதிலாக ஒட்டிவிடுவார்கள். எத்தனை, எவ்வளவு, எப்போது, எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி ஆகிய சொற்களே உங்கள் ஆயுதங்கள்.

எம்.பி.யிடம் கொண்டுபோவது

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரும் மாநிலங்களவைக்கு 18 பேரும் போகிறார்கள், புதுச்சேரியிலிருந்து இரு அவைகளுக்கும் ஒவ்வொருவர். உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்றில்லை. அந்தத் துறையில் ஏற்கெனவே கேள்வி கேட்டுவரும் ஒருவர் இன்னும் பொருத்தமாக இருப்பார், பழைய பதில்களைத் தேடியபோதே அவர் பெயர் கண்ணில் பட்டிருக்கும்.

ஒரே பக்கத்தில் கொடுங்கள்: மேலே கேள்வி, கீழே பின்னணியாக ஐந்தாறு வரிகள், பழைய பதிலின் எண்ணும் தேதியும். நேரமும் முக்கியம். கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குழுவை ஒதுக்கியிருப்பார்கள் என்பதால், உங்கள் அமைச்சகத்தின் நாள் எது என்று பார்த்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு போய் நிற்பதில் பெரும்பாலும் பயனில்லை. முன்னறிவிப்புகள் நிறைய வருவதால் குலுக்கல் முறையில்தான் முன்னுரிமை தீர்மானிக்கப்படுகிறது. நல்ல கேள்வியும் விட்டுப்போகலாம். சோர்ந்துவிடாமல் அடுத்த வாரத்துக்கு மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள், வேறொரு எம்.பி.யிடமும் கேட்டுப் பாருங்கள்.

பணம், பரிசு என்ற பேச்சே எழக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் பதிவாகி, 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

துணைக் கேள்வி

எழுதிக் கொடுத்த கேள்விக்கான பதில் அதிகாரிகள் தயாரித்தது. அமைச்சருக்குத் துறை உண்மையிலேயே தெரியுமா என்பது துணைக் கேள்வியில்தான் தெரியும். ஆங்கிலேயர்களும் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1892ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தது, துணைக் கேள்விக்கு இடம் தரவில்லை. 1909இல் அந்த உரிமை மூலக் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும் கிடைத்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகே மற்ற உறுப்பினர்களும் கேட்க முடிந்தது.

சுதந்திர இந்தியாவில் இதற்குப் பெரிய சாட்சி முந்த்ரா விவகாரம். 1957இல் எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டது பற்றி மக்களவையில் கேள்வி வந்தது. முதல் பதில் தெளிவாக இல்லை. உறுப்பினர்கள் விடவில்லை. மறுபடி கேட்டார்கள், டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி விவரங்களோடு விவாதமே எழுப்பினார். அவர் ஆளும் காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தெளிவில்லாத முதல் பதிலோடு அன்று எல்லோரும் உட்கார்ந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

மக்களவையில் கேள்வியைக் கொடுத்தவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள் கிடைக்கும். பிறகு சபாநாயகர் அழைக்கும் மற்றவர்கள் கேட்கலாம். எம்.பி.க்கு மூன்று துணைக் கேள்விகளைத் தயாரித்துக் கொடுங்கள்: பதில் முழுமையாக வந்தால் ஒன்று, எண்ணைக் கொடுக்காமல் திட்டத்தைப் புகழ்ந்தால் ஒன்று, மாநிலத்தின் மேல் பழியைப் போட்டால் ஒன்று. ஒவ்வொன்றும் இருபது முப்பது நொடிகளில் சொல்லி முடிப்பதாக இருக்கட்டும். நீண்ட முன்னுரை போட்டால் சபாநாயகர் ‘கேள்விக்கு வாருங்கள்’ என்பார், அமைச்சருக்கும் யோசிக்க நேரம் கிடைத்துவிடும்.

பதிலைப் படிப்பது

பதில் வந்ததும் அச்செடுத்துக் கேள்வியின் (அ), (ஆ), (இ), (ஈ) ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிலின் எந்த வரி பொருந்துகிறது என்று பென்சிலால் குறியுங்கள். ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று மொத்தமாகச் சேர்த்துப் பதில் தந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. இரண்டு பக்கம் படித்து முடித்த பிறகுதான் (ஆ)வுக்குப் பதிலே இல்லை என்பது தெரியவரும்.

‘தகவல் இல்லை’ என்பதும் ஒரு பதில்தான். கொரோனா காரணமாக 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நடக்கவில்லை, எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும் வந்தன. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று அப்போது மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. நாடு முழுவதும் அதைப் பேசியது. இறந்தவர்களை அரசு எண்ணவில்லை என்பது அரசின் சொந்த வாக்கியத்திலேயே பதிவாகிவிட்டது. குறியிடாத கேள்வியை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பதில் வந்த பிறகு

(ஈ)இல் தேதி கேட்டதற்கு இப்போது வருகிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவை முன் வைக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ போன்ற வாக்கியங்களை அமைச்சர் சொன்னால், அவை உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படலாம். அவற்றைப் பின்தொடர மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். தேதி கேட்கும் கேள்விக்கு அமைச்சர் ஒன்று தேதி தருவார், அல்லது இப்படி ஒரு உறுதிமொழிக்குள் வந்து நிற்பார்.

பதில் வந்த நாளை நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதம் கழித்து உறுதிமொழி நிறைவேறியதா என்று தேடுங்கள். பதிலில் உண்மை விவரம் போதவில்லை, விஷயமும் பொது முக்கியத்துவம் உடையது என்றால், அதன்மேல் அரை மணி நேர விவாதம் கோரி எம்.பி. மக்களவையில் முன்னறிவிப்பு தரலாம். அதுவும் கிடைக்கவில்லையா, அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியை இப்படித் தொடங்குங்கள்: “இன்ன தேதியில், இன்ன எண் கேள்விக்கு அளித்த பதிலைக் குறிப்பிட்டு, அதில் கூறியபடி நிலுவைத் தொகை செலுத்தப்பட்டுவிட்டதா, இல்லையெனில், மாநிலவாரியாக மீதமுள்ள தொகை எவ்வளவு?”