சிலம்பத்தில் வரிசைக்கு எவ்வளவு நேரம், விடு அடிக்கு எவ்வளவு நேரம்?

சம்பா அறுவடை முடிந்து களம் காலியானதும் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் மாலையில் கம்புச் சத்தம் கேட்கத் தொடங்கும். பெரும்பாலும் திருவிழாவில் ஆடிக்காட்டத்தான். வரிசை, அதாவது முன்பே தெரிந்த ஒழுங்கில் அடிப்பதும் தடுப்பதும், கச்சிதமாக இருக்கும். அதே பிள்ளையை, எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் போட்டியில் இறக்கினால் முதல் அடியையே விலாவில் வாங்குவான். அடுத்த அடி எது, எப்போது வரும் என்று தெரிந்தே பழகியதன் விளைவு அது.

அதற்காக வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எந்த ஒழுங்கும் இல்லாமல் மோதும் விடு அடியில் நேராக இறக்குவதும் தப்பு. கை பழகாதவன் அடி வரும்போது கண்ணை மூடுவான், கம்பை இறுக்குவான், முதுகைத் திருப்புவான். இந்தப் பழக்கங்கள் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு.

வரிசையிலிருந்து எப்போது மாற்றுவது என்பதற்கு மாதக் கணக்கு வேண்டாம். தலை, விலா, முழங்கால் என மூன்று அடி வரிசையை இருவரும் போடட்டும். நான்காவது சுற்றில் அடிப்பவர் சொல்லாமல் விலா அடிக்கு முன் அரை நொடி நிற்கட்டும். தடுப்பவர் கம்பு அதற்குள் விலாவுக்கு இறங்கிவிட்டால், அவர் எதிராளியைப் பார்க்கவில்லை, தாளத்துக்கு ஆடுகிறார். அவருக்கு இன்னும் வரிசை போட்டுப் பயனில்லை.

ஒரு மணி நேர வகுப்பில் 10 நிமிடம் காலடி, 10 நிமிடம் வரிசை, 25 நிமிடம் இடைப்பயிற்சி (வரிசைக்கும் விடு அடிக்கும் நடுவே, பாதி தெரிந்து பாதி தெரியாமல் ஆடுவது), 10 நிமிடம் விடு அடி, கடைசி 5 நிமிடம் மறுபடி வரிசை என்று பிரிக்கலாம். அந்தக் கடைசி 5 நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடு அடியில் எந்த அடி உள்ளே புகுந்ததோ அதற்கான தடுப்பை உடனே போடவைக்கும் நேரம் அது.

இடைப்பயிற்சியில்தான் வாத்தியாருக்கு வேலை. தெரியாத விஷயம் ஒவ்வொன்றாகக் கூட வேண்டும். முதலில் நேரம்: அடி வரிசை அதேதான், இடைவெளி மட்டும் மாறும். அடுத்து இடம்: தலையா முழங்காலா, இரண்டில் ஒன்று. பிறகு தூரம்: அடிப்பவர் ஒரு காலடி உள்ளே வரலாம், பின்வாங்கலாம், தடுப்பதா விலகுவதா என்று மற்றவர் முடிவெடுக்க வேண்டும். கடைசியாகப் பொய்யடி: ஓரிடத்தைக் காட்டி வேறிடத்தில் அடிப்பது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். பத்தில் ஏழு அடியைத் தடுத்தால் அடுத்ததற்குப் போகலாம். ஐந்துக்குக் கீழே இறங்கினால் கடைசியாகக் கூட்டியதைக் குறையுங்கள்.

இது கெடுவது பெரும்பாலும் அடிப்பவரால்தான். நண்பன் என்று இரக்கப்பட்டு, உடம்புக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்துவார், அல்லது எதிராளியின் கம்பிலேயே தட்டுவார். தடுக்காவிட்டால் மேலே படும் அடியாக இருக்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்குங்கள், குறியை மாற்றாதீர்கள். தடுப்பவர் கண் கம்பு முனையில் இருக்கக் கூடாது. முனையின் வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்காது. தோளையும் நெஞ்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விடு அடிக்கு மூங்கில் வேண்டாம். மெல்லிய பிரம்பு, முனையில் நுரைப்பஞ்சு வைத்துத் துணி நாடாச் சுற்று. கம்பி முகப்புள்ள தலைக்கவசம், மார்புக் கவசம், கையுறை மூன்றும் கட்டாயம். முதலில் அடி வாங்குவது விரல்தான். தொண்டை, பிடரி, இடுப்புக்குக் கீழே நடுப்பகுதியில் அடிக்கக் கூடாது. தொடங்குமுன் பழந்துணியால் கம்பை நெடுக உருவிப் பாருங்கள். நூல் சிக்கினால் சிலாம்பு கிளம்பியிருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள்.

இடமும் பார்க்க வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் வருமுன் வறண்டிருக்கும் ஆற்று மணல் காலடிக்கு அருமை. விடு அடிக்கு ஆகாது: கால் புதைந்து தூரக் கணக்கு தவறும். கோடையில் வெடித்த வயலில் கணுக்கால் பிசகும். கூட்டிச் சுத்தம் செய்த நெல் களமே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைக்குள் ஒதுங்கினால் தலைக்கு மேல் சுழற்ற உயரம் இருக்காது; அந்த மாதங்களில் வரிசையைச் சுருக்கி, குறுங்கம்போடு இடைப்பயிற்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.