‘புது டிசைன் படிக்கவே முடியல’ என்று பயனர் எழுதினால்: ஆவணப் பக்கங்களுக்கு ஒரு செய்முறை

உங்கள் ஓப்பன் சோர்ஸ் நிரலின் ஆவணப் பக்கங்களுக்குப் புதுத் தீம் போட்டிருக்கிறீர்கள். மறுநாளே, நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் ஓர் இஷ்யூ (புகார்ப் பதிவு): “படிக்கவே முடியல, பழையதே தேவலை.” என்ன பதில் எழுதுவது, எதைத் திருத்துவது? ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியில் எழுதி, ரீட் த டாக்ஸ் என்ற தளத்தில் வெளியிடும் திட்டத்தை வைத்துப் பார்ப்போம். வேறு கருவி என்றாலும் முறை பெரிதாக மாறாது.

படி 1: முதலில் கேளுங்கள்

தீமை ஏன் மாற்றினீர்கள் என்ற விளக்கம் இப்போது வேண்டாம். “படிக்க முடியல” என்றால் எழுத்து சிறியதாக இருக்கலாம், நிறம் மங்கலாக இருக்கலாம், டார்க் மோடில் நிரல் துண்டுகள் மறைந்துபோயிருக்கலாம். இப்படி எழுதலாம்:

“சொன்னதற்கு நன்றி. எந்தப் பக்கத்தில் சிரமம்? மொபைலா, கணினியா? எந்த பிரவுசர்? டார்க் மோடில் வைத்திருக்கிறீர்களா? முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.”

கூடவே, பலரும் விட்டுவிடும் ஒரு கேள்வி: “அங்கே எதைத் தேடி வந்தீர்கள்?” சைடுபாரைப் பெரிதாக்கச் சொல்லி ஒருவர் கேட்பார். விசாரித்தால் அவர் தேடியது நிறுவும் முறையை. அது மெனுவின் மூன்றாம் அடுக்கில் கிடக்கும். சைடுபாரை எவ்வளவு அகலமாக்கினாலும் அது கண்ணில் படாது. பயனர் சொல்லும் தொல்லையை அப்படியே நம்பலாம், அவர் எழுதித் தரும் மருந்தைத்தான் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும்.

படி 2: உங்கள் திரையில் பாருங்கள்

பயர்பாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தை மொபைல் அளவில் பார்க்கலாம். அகலத்தை 320 பிக்சலாக வையுங்கள். சாதாரணப் பத்தியைக்கூடப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருந்தால் புகார் நியாயம்தான்.

நிறத்துக்கு ரசனைச் சண்டை தேவையில்லை, அளவுகோலே இருக்கிறது. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வகுத்த அணுகல்தன்மை விதிகளின் ஏஏ என்ற நடு நிலைப்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பல் நிறம் 2.85:1 மட்டுமே தரும், தேறாது. #767676 என்றால் 4.54:1, மயிரிழையில் தேறிவிடும். (மங்கல் சாம்பல் மேல் டிசைனர்களுக்கு அப்படி என்ன காதலோ!)

படி 3: எதை ஏற்பது, எதை மறுப்பது

அளந்து பார்த்துத் தவறு என்று தெரிந்தால், ஒருவர் மட்டுமே சொல்லியிருந்தாலும் திருத்துங்கள். வெறும் ரசனை என்றால் அவசரமில்லை, இன்னும் சிலர் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.

மறுக்கும்போது காரணம் சொல்லுங்கள். புதுத் தீம் போட்டவர்களுக்கு அடிக்கடி வரும் புகார், “இரண்டு பக்கமும் இவ்வளவு இடத்தை ஏன் சும்மா விட்டிருக்கிறீர்கள்?” இதற்கு:

“வரி ரொம்ப நீண்டால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும். அதனால் பத்திகளை 80 எழுத்துக்குள் வைத்திருக்கிறோம், அதை மாற்றப்போவதில்லை. அட்டவணைகள் நெருக்கியடிப்பது உண்மை, அவற்றை மட்டும் அகலமாக்குகிறோம்.”

‘பரிசீலிக்கிறோம்’ என்று மட்டும் போட்டுவிட்டு ஒரு வருடம் கிடப்பில் வைப்பதைவிட இந்த மறுப்பு எவ்வளவோ மேல்.

படி 4: திருத்தியதைக் காட்டுங்கள்

தீமின் சொந்தக் கோப்புகளில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் எல்லாம் போய்விடும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றைத் தனியாகச் சேர்த்து, மாற்றத்தை அதில் எழுதுங்கள்.

அப்புறம், ரீட் த டாக்ஸ் அமைப்புகளில் புல் ரெக்வெஸ்ட்டுகளுக்கு (சேர்க்கும் முன் பார்வைக்கு வைக்கும் மாற்றங்களுக்கு) முன்னோட்டம் தரும் வசதி உண்டு. அதை இயக்கிவைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி முகவரியில் முழு ஆவணமும் தயாராகும். அந்தச் சுட்டியைப் புகார் சொன்னவருக்கே அனுப்பி, “இப்போது சரியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். அவருடைய மொபைலில் எப்படித் தெரிகிறது என்று அவர்தானே சொல்ல முடியும்?

படி 5: இஷ்யூவை மூடும் முன்

ரீட் த டாக்ஸில் லேட்டஸ்ட், ஸ்டேபிள் என்று இரண்டு பதிப்புகள் இருக்கும். மாற்றத்தை மெர்ஜ் செய்ததும் (முதன்மை நிரலோடு சேர்த்ததும்) லேட்டஸ்ட்டில் வந்துவிடும். ஸ்டேபிள், நீங்கள் அடுத்த வெளியீட்டுக்கு டேக் (பதிப்பு அடையாளம்) போடும்வரை பழையபடியேதான் இருக்கும். பயனர் பார்ப்பது ஸ்டேபிள் என்றால், “சரிசெய்தாச்சு” என்ற உங்கள் பதிலைப் படித்துவிட்டு வந்து அதே மங்கல் எழுத்தைத்தான் பார்ப்பார். எந்தப் பதிப்பில் திருத்தம் இருக்கிறது என்பதைப் பதிலிலேயே எழுதுங்கள். பழைய சிஎஸ்எஸ் பிரவுசரில் தங்கியிருக்கலாம் என்பதால், கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்திப் பக்கத்தைப் புதுப்பிக்கவும் சொல்லிவிடுங்கள்.