பள்ளிக்கூடம் விட்டபிறகு ஓர் அல்பம்: வன்னி வீட்டில் ஜாஸ், றொக் ஒலிப்பதிவு

படிப்பித்துக்கொண்டே அல்பம் செய்பவருக்கு முதல் வேலை நேரத்தைப் பிரிப்பது. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் மைக் வைக்காதீர்கள். தகரக் கூரை வெய்யிலில் விரிந்து 'டக் டக்' என்னும், கிற்றாரில் சுருதியும் நிற்காது. அந்த நேரம் எடிட்டிங்குக்கு. பாட்டு, அக்கூஸ்ரிக் கிற்றார் எல்லாம் இரவில், ஃபானை நிற்பாட்டிவிட்டு.

ஐப்பசி பிறந்தால் மழை. தகரத்தில் விழும் மழைச் சத்தத்தைப் பதிவிலிருந்து பிறகு சுத்தமாக எடுக்க முடியாது. ஆகவே ட்ரம்ஸையும் பேஸையும் ஓகஸ்ட் விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். எட்டுப் பாட்டுப் போதும். மழைக்காலத்தில் எலெக்ரிக் கிற்றாரை நேரே இன்ரர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) செருகலாம். அதிலுள்ள 'இன்ஸ்ட்' (வாத்திய உள்ளீடு) பொத்தானை அழுத்த மறந்தால் ஒலி மங்கிப்போகும்.

றொக் பாட்டை மெட்ரோனோமுக்கு (தாளம் தட்டும் கருவி) ஒவ்வொரு வாத்தியமாகப் பதியலாம். ஜாஸுக்கு அது சரிவராது. ஸ்விங்கில் (சோடியாக வரும் சுரங்களில் முதலாவதை நீட்டி இரண்டாவதைக் குறுக்கும் ஜாஸ் நடை) சோடிச் சுரங்களின் நீளம் நடுத்தர வேகப் பாட்டில் 2:1 க்குக் கிட்ட நிற்கும், வேகம் கூடக்கூடச் சமமாகும். அந்த அளவை ட்ரம்ஸ்காரரும் பேஸ்காரரும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் பிடிக்கிறார்கள். இருவரையும் ஒரே அறையில் ஒன்றாக வாசிக்க விடுங்கள்.

ட்ரம்ஸுக்கு மேலே இரண்டு மைக். ஒரு நூலை ஸ்நெயாரின் (அடியில் கம்பி கட்டிய சின்ன ட்ரம்) நடுவில் பிடித்து முதல் மைக் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு மற்ற மைக்கையும் தொட வேண்டும். 35 செ.மீ. பிசகினால் ஒலி ஒரு மில்லிசெக்கன் பிந்தும். இரண்டையும் சேர்க்கும்போது 500 ஹேர்ட்ஸ் பக்கம் வெட்டுப்பட்டு ஸ்நெயார் தகரப்பேணி மாதிரிக் கேட்கும். ஈக்வலைசரால் அதைத் திருத்த முடியாது.

'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் லாப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பிழை மின்சாரப் பக்கம். பிளக்கின் ஏர்த் காலை மட்டும் வெட்டவே வேண்டாம், உயிராபத்து. சார்ஜரைக் கழற்றியும் நிற்காவிட்டால் கிற்றாரோடு மெல்லத் திரும்புங்கள். சிங்கிள்-கொயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) இரைச்சல் ஏதாவதொரு திசையில் அடங்கும்.

பதிவின் அளவு 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ்; ஒலியின் உச்சம் மைனஸ் 10 டெசிபெல். ஐந்து நிமிடப் பாட்டு எட்டு ட்ராக்கில் ஏறத்தாழ 350 எம்.பி. வரும். கரண்ட் போனால் வேலை போகாமலிருக்க ஒவ்வொரு ரேக்குக்குப் (ஒருமுறை வாசித்துப் பதிந்தது) பிறகும் சேமியுங்கள், இரவே வேறொரு டிஸ்கிலும் பிரதி எடுங்கள்.

மிக்ஸ் முடிந்ததும் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பேஸ் காணாமல் போயிருந்தால் அடி ஒலியைக் கூட்டாமல் 800 ஹேர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபெல் ஏற்றுங்கள்.